சுழல மறுக்கும் தோட்டத்துக் காற்றாலை

கேள்வி: தோட்டத்தில் அழகுக்காக ஒரு சின்னக் காற்றாலை செய்தேன். ப்ளைவுட்டில் நான்கு இறக்கை, விட்டம் 60 செ.மீ. மரக்கட்டையில் துளை போட்டு ஒரு போல்ட்டையே அச்சாக விட்டிருக்கிறேன். கையால் சுற்றினால் சுற்றுகிறது, இளங்காற்றுக்கு அசைவதே இல்லை. காற்று பலமாக அடித்தால் மட்டும் சுற்றுகிறது, அப்போது கம்பமே தடதடவென்று ஆடுகிறது. பிரித்துப் போட்டுப் புதிதாகச் செய்ய வேண்டுமா? இதை வைத்து ஒரு சின்ன விளக்கு எரிய விடலாமா?

பதில்: எதையும் பிரிக்க வேண்டாம். முதலில் அது எப்படி நிற்கிறது என்று பாருங்கள். தலைப்பகுதியை மட்டும் கழற்றிக் காற்று வராத அறையில் வைத்து, இறக்கையை ஒரு சுண்டு சுண்டிவிடுங்கள். கவனிக்க வேண்டியது கடைசிச் சுற்றை. பிடித்து நிறுத்தியதுபோல் சட்டென்று நின்றால் அச்சில் உராய்வு. ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடி, ஒவ்வொரு முறையும் ஒரே இறக்கை கீழே வந்து நின்றால் எடை சமமில்லை. நெடுநேரம் சுற்றி, எந்த இடத்தில் வேண்டுமானாலும் சாவகாசமாக நின்றால் அச்சில் குறையில்லை. இறக்கையின் சாய்வையோ வைத்த இடத்தையோ சந்தேகப்படுங்கள்.

உங்கள் விஷயத்தில் முதல் இரண்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். மரத்துளைக்குள் போல்ட் என்பது வேலைக்காகாது. மழையில் மரம் ஊறினால் துளை கோணலாகி அச்சைக் கவ்விக்கொள்ளலாம். 608 என்ற எண்ணுள்ள பேரிங் இரண்டு வாங்குங்கள். ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருப்பது இதுதான்: உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ. கட்டையின் இரு முனையிலும் 22 மி.மீ. குழி போட்டு ஒவ்வொன்றாக உட்கார வைத்து, நடுத்துளையைப் போல்ட் உரசாத அளவுக்குப் பெரிதாக்கிவிடுங்கள். பேரிங்குகளுக்கு இடையே 8 முதல் 10 செ.மீ. இடைவெளி இருந்தால் அச்சு ஆடாது.

பலரும் கோட்டை விடுவது வாஷரில். பேரிங்கை ஒட்டி அகலமான வாஷர் போட்டால், அது சுற்றாத வெளிவளையத்தையும் சேர்த்து அழுத்தும். நாமே பிரேக் மாட்டிக்கொண்ட கதைதான். உள்வளையத்தை மட்டும் தொடுகிற சின்ன வாஷர் போதும். நட்டையும் இறுக்கித் தள்ளாதீர்கள். என் முதல் காற்றாடியில் நல்ல பேரிங் போட்டும் இரண்டு நாள் சுற்றவே இல்லை. நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் ஓட ஆரம்பித்தது. தளர்த்திய நட்டு கழன்று விழாமல் இருக்க நைலான் வளையம் உள்ள நட்டு போடுங்கள். கெட்டி கிரீஸ் வேண்டாம், தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

அடுத்தது சாய்வு. இறக்கை சுழலும் தளத்திலிருந்து 25 பாகை அளவுக்குச் சாய்ந்திருந்தால் இளங்காற்றுக்கே கிளம்பும். கோணமானி தேவையில்லை. தலையை மேஜைமேல் படுக்க வையுங்கள். இறக்கை 8 செ.மீ. அகலம் என்றால், ஒரு விளிம்பு மற்றதைவிட ஏறக்குறைய 3.4 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். குறைந்தால் அடியில் ஆப்பு வையுங்கள். நான்கும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்றைத் திருப்பி மாட்டிவிட்டு மாதக்கணக்கில் தலையைச் சொறிந்தவர்கள் உண்டு. இறக்கை கூடக்கூடக் கிளம்புவதும் சுலபம். பண்ணைகளில் தண்ணீர் இறைக்கும் காற்றாலைகளில் தகடுகளை நெருக்கி அடுக்குவது அதற்காகத்தான். நீங்கள் நான்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தடதடப்புக்குக் காரணம் எடை வித்தியாசம். பெயின்ட் அடித்து நன்றாகக் காய்ந்த பிறகுதான் இதைச் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் பெயின்ட்டும் ஓர் எடை. எந்த இறக்கை கீழே வந்து நிற்கிறதோ, அதற்கு எதிர் இறக்கையின் நுனியில் ஒரு நாணயத்தை டேப் போட்டு ஒட்டிப் பாருங்கள். எங்கே விட்டாலும் அங்கேயே நின்றால் சரி. நாணயத்தை எடுத்துவிட்டு அதே எடைக்கு ஸ்க்ரூவும் வாஷரும் முடுக்குங்கள். பிறகு ஒரு குச்சியை நுனிக்கு நேராக அசையாமல் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு நுனி குச்சியை உரசி, இன்னொன்று ஒரு விரல்கடை தள்ளிப் போனால் அதுவும் ஆட்டத்தைக் கொடுக்கும்.

தலை காற்றை நோக்கித் திரும்ப வேண்டும் என்றால், 15-க்கு 20 செ.மீ. அலுமினியத் தகடு ஒன்றை வாலாக வையுங்கள். தலையும் வாலும் கம்பத்துக்கு இருபுறமும் தராசுபோல் நிற்க வேண்டும். கம்பம் சாய்ந்திருந்தால், தானே சாத்திக்கொள்ளும் கதவுபோல கனமான பக்கம் எப்போதும் ஒரே திசைக்குப் போய்விடும். ரசமட்டம் வைத்துக் கம்பத்தை நேராக நடுங்கள்.

இவ்வளவும் செய்தும் சுற்றாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். நீளக் குச்சியின் நுனியில் மெல்லிய நாடாவைக் கட்டி, இறக்கை இருக்கப்போகும் உயரத்தில் பிடியுங்கள். ஒரே பக்கம் பறந்தால் நல்ல இடம். கண்டபடி துடித்தால் சுவரோ மரமோ காற்றைக் கலைக்கிறது. காற்றின் வேகம் பாதியானால் அதன் தள்ளுவிசை கால்பங்காகிவிடும், ஆகவே சுவர் ஓரத்திலிருந்து நாலடி நகர்த்துவதுகூட வீணில்லை.

இறக்கை முனைகளை உப்புத்தாளால் மழுக்கி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். நிமிடத்துக்கு 300 சுற்று வந்தால் நுனி மணிக்கு சுமார் 34 கி.மீ. வேகத்தில் போகும். புயல் வருகிறது என்றால் ஒரு இறக்கையைக் கம்பத்தோடு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.

விளக்கு பற்றி: நொடிக்கு 3 மீட்டர் வேக இளங்காற்றில் உங்கள் சக்கரத்தின் பரப்பைக் கடக்கும் மொத்த ஆற்றலே 5 வாட்டுக்குள்தான். தட்டை இறக்கை அதில் சிறு பங்கைத்தான் பிடிக்கும். போதாததற்கு டைனமோவும் அச்சைப் பிடித்து இழுக்கும். இப்போதுதான் சரிசெய்த உராய்வை மறுபடி வரவழைப்பானேன்? சூரிய ஒளியில் இயங்கும் சின்ன விளக்கு ஒன்றை, இறக்கை நுனிக்கு ஒரு சாண் கீழே கம்பத்தில் கட்டிக்கொள்ளுங்கள்.