கடும் மனநோயுள்ளவரிடம் சாப்பாடு, வீடு, வருமானம் பற்றிக் கிளினிக்கில் கேட்பதால் பயன் உண்டா? அவர் சொல்லும் பதிலை நம்பலாமா?

நம்பலாம். மட்டக்களப்பு மாவட்டத்தில் சமூக மனநலப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்வதானால், பிழை பெரும்பாலும் பதிலில் இருப்பதில்லை. நாம் கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது. காதில் குரல் கேட்கும் ஒருவரும் நேற்றிரவு தாம் சாப்பிட்டாரா இல்லையா என்பதைச் சரியாகவே சொல்லிவிடுவார்.

லண்டனில் உருவான கம்பர்வெல் தேவை மதிப்பீடு என்ற கேள்விப் படிவம் 22 விடயங்களைப் பற்றி நோயாளியிடமும் பணியாளரிடமும் தனித்தனியே கேட்டு, தேவை இல்லை, உதவியால் நிறைவேறும் தேவை, நிறைவேறாத தேவை என்று பதிகிறது. இருவரின் பதில்களும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. ஆனால் வாழ்க்கைத் தரத்தோடு நெருங்கிய தொடர்புடையவை நோயாளி தம் வாயால் சொல்லும் நிறைவேறாத தேவைகளே என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

அமெரிக்காவில் வழங்கும் குறும்படிவமொன்று வீடு, உணவு, போக்குவரத்து, மின்சாரம் முதலிய கட்டணங்கள், பாதுகாப்பு ஆகிய ஐந்தைக் கேட்கிறது. அதை அப்படியே மொழிபெயர்த்து இங்கே நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் வீடு வழமையாகப் பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில் குடியிருக்கிறார். நோய் வந்து குடும்பம் பிரிந்ததும் அவர் தாயிடம் திரும்பி வருகிறார், அந்த வீடோ அதற்குள் தங்கச்சியின் பெயருக்கு மாறியிருக்கும். “இருக்க வீடு இருக்கா?” என்றால் “ஓம்” என்பார், அது பொய்யும் அல்ல. “வீடு ஆருடைய பெயரில? அம்மாவுக்குப் பிறகு ஆரோட இருப்பீங்க?” என்று கேட்கும்போதுதான் தேவை வெளியே வரும். எழுபது வயதுத் தாய் ஒருத்தி சமைத்து, குளிசை கொடுத்து, கிளினிக்குக்கும் கூட்டிவருகிற வீட்டில் எல்லாமே நிறைவேறிய தேவையாகத்தான் பதிவாகும். உறவினர் எவ்வளவு உதவுகிறார்கள் என்று கம்பர்வெல் படிவத்திலேயே தனியாகக் கேட்கப்படுகிறது. நான் முதலில் பார்ப்பது அந்தப் பகுதியைத்தான்.

போக்குவரத்தும் அப்படியே. குளோசபைன் என்ற மனநோய் மருந்தை எடுப்பவர் முதல் 18 கிழமைகள் கிழமைதோறும் இரத்தம் சோதிக்க வேண்டும். எங்கள் மாவட்டத்து வெல்லாவெளிப் பக்கத்தில் கூலி வேலையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, அதுவும் மார்கழி வெள்ளத்தில், இது சின்ன விடயமல்ல. பஸ் காசு இல்லாமல் வராதவரை “சிகிச்சைக்கு ஒத்துழைக்காதவர்” என்று எழுதி வைப்பது எங்கள் துறையின் கெட்ட பழக்கம். ஒலன்சபைன் என்ற இன்னொரு மனநோய் மருந்து பசியைக் கூட்டும். அரிசி அளந்து போடும் வீட்டில் அதை ஒருவர் தாமாகவே நிறுத்தினால், அதற்குக் காரணம் நோய் மட்டும்தானா?

வருமானத்தைப் பற்றிக் கேட்கும்போது, அடையாள அட்டை இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். வறிய குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் அஸ்வெசும போன்ற கொடுப்பனவுகளுக்கு இவை இரண்டும் தேவை. நீண்ட காலம் நோயோடு இருந்தவர்களிடம் பெரும்பாலும் இல்லாதவையும் இவைதான். அடையாள அட்டை விண்ணப்பத்துக்குக் கிராம உத்தியோகத்தரிடமும் கொடுப்பனவுக்குப் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமும் யார் அழைத்துப் போவது என்பதைக் கேள்வித்தாளை அச்சிடுவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். அதற்கு ஆள் இல்லாத இடத்தில் ஐந்து கேள்விகளை விட்டுவிட்டு, செய்து கொடுக்கக்கூடிய ஒன்றை மட்டும் கேட்பதே நேர்மை.

பாதுகாப்புப் பற்றிய கேள்வியை மட்டும், கூட்டிவந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் அடிப்பவரும் கொடுப்பனவுக் காசை எடுத்துக்கொள்பவரும் அவராகவே இருக்கக்கூடும். அந்தப் பதிலை நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோகும் கிளினிக் கொப்பியில் எழுதாமல், வைத்தியசாலையில் இருக்கும் கோப்பில் எழுதுங்கள்.