அமெரிக்காவில் விமான நிலைய மானியம் யாருக்குப் போகிறது? செல்வாக்கு உள்ளவர்களுக்கா?

செல்வாக்கே கிடையாது என்று சொன்னால் நானே நம்ப மாட்டேன். குறிப்பிட்ட நிலையத்தின் பெயரைப் போட்டே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் நிதி வாங்கித் தருவது உண்டு. ஆனால் அது சின்னப் பகுதிதான், மீதியில் பெரும்பாலானது கணக்குப் போட்டுத்தான் கொடுக்கப்படுகிறது.

முதலில், இது பொது வரிப்பணம் என்று நினைத்துவிடாதீர்கள். 1970-இல் தொடங்கிய தனி நிதி ஒன்று இருக்கிறது. உள்நாட்டு டிக்கெட்டில் 7.5 சதவீத வரி, சரக்குக் கட்டண வரி, எரிபொருள் வரி எல்லாம் அதில்தான் போய்ச் சேரும். அதிலிருந்து எஃப்ஏஏ என்ற மத்திய விமானப் போக்குவரத்து அமைப்பு 1982 முதல் ஏஐபி எனும் விமான நிலைய மேம்பாட்டுத் திட்டத்தில் மானியம் கொடுக்கிறது. தேசியப் பட்டியலில் உள்ள சுமார் 3,300 நிலையங்களுக்குத்தான் தருவார்கள், பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் கேட்கவே முடியாது.

ஒரு பங்கு தலைக்கணக்கு. வருடத்துக்கு எத்தனை பேர் அங்கே விமானம் ஏறினார்கள் என்று பார்த்து, முதல் 50,000 பேருக்குத் தலைக்கு ஒரு தொகை, அதற்கு மேல் போகப்போகக் குறைந்துகொண்டே வரும். சின்ன நிலையங்களுக்கு இது நல்லது. இன்னொரு பங்குக்குத்தான் போட்டி: ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பெண் போடுவார்கள், ஓடுபாதைப் பாதுகாப்புக்கு அதிகம், டெர்மினலுக்குக் குறைவு. கடைகள், கார் நிறுத்துமிடம் போன்ற வருமானம் தருகிறவற்றுக்குப் பொதுவாகக் கிடையாது.

முழுச் செலவையும் தர மாட்டார்கள். பெரிய நிலையத்துக்குப் பொதுவாக 75 சதவீதம், சின்னதற்கு 90 அல்லது கொஞ்சம் கூட. அதுவும் முன்பணம் இல்லை, செலவைக் கணக்குக் காட்டி வாங்க வேண்டும்.

சரி, யாரும் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். மானியம் வாங்கினால் பொதுவாக 20 வருடம் நிலையத்தை மூடாமல் நடத்துவேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பணத்தில் நிலம் வாங்கியிருந்தால் அதற்குக் காலக்கெடுவே இல்லை. கலிஃபோர்னியாவின் சான்டா மோனிக்கா நகரம் தன் நிலையத்தை மூட நினைத்தது, 1994-இல் வாங்கிய மானியத்தின் கெடு 2014-இல் முடிந்துவிட்டது என்றது. எஃப்ஏஏ என்ன சொன்னது தெரியுமா? 2003-இல் அதே மானியத்தோடு கூடுதலாகச் சுமார் 2,40,000 டாலர் வாங்கினீர்களே, அதனால் கெடு 2023 வரை! கடைசியில் 2017-இல் சமரசம் ஆனது, 2028 முடியும்வரை நடத்தியே ஆக வேண்டும். அந்தத் தொகை ஓடுபாதை வேலையில் எந்த மூலைக்குக் காணும்?