அவுரி (நீலச் சாயச் செடி) வளர்ப்பு: கேள்வி பதில்

வரப்போரம் தானாக முளைத்திருக்கிறது. அவுரியா, கொளுஞ்சியா என்று தெரியவில்லை.

ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அம்பு முனைபோலக் கூராகக் கிழிந்து வந்தால் கொளுஞ்சி. அதன் காய் தட்டையாக இருக்கும். அவுரிக் காய் மெல்லிய குச்சிபோல உருண்டு, கொத்தாகத் தொங்கும். அவுரி இலையைக் காயவைத்தால் நீலம் பாய்ந்து கறுக்கும்.

விதைத்தேன், பாதிகூட முளைக்கவில்லை.

விதைத்தோல் கடினம். மணலோடு சேர்த்து நன்றாகத் தேய்த்து, இரவு ஊறவைத்து விதையுங்கள். தண்ணீர் தேங்காத மணற்பாங்கான நிலம் போதும். பயறு வகைச் செடி என்பதால் வேர்முடிச்சே தழைச்சத்தைச் சேர்த்துவிடும். யூரியா வேண்டாம்.

எப்போது அறுக்கலாம், சாயம் எப்படி எடுக்கிறார்கள்?

ஏறக்குறைய மூன்று மாதத்தில், மொட்டு தலைகாட்டும் சமயம். அடியில் ஒரு சாண் விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும், இன்னொரு அறுப்பும் கிடைக்கும். காலையில் அறுத்து அன்றைக்கே தொட்டியில் போட்டுவிட வேண்டும். குவித்து வைத்தால் இலை சூடேறிச் சாயம் கெடும்.

இலையில் இருப்பது நீலமே அல்ல, இண்டிகான் என்ற நிறமற்ற பொருள். ஓர் இரவு ஊறிப் புளித்ததும் அது பிரிந்து, தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாக மாறும். அதைக் கீழ்த்தொட்டிக்கு வடித்து, காற்றுப் படும்படி அடிப்பார்கள். திண்டிவனம் பக்கம் ஆட்கள் உள்ளே இறங்கிக் காலாலேயே எற்றுவது உண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரை நீலமாகும். பிறகு வண்டலைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்திக் கட்டியாக்கி, நிழலில் உலர்த்துவார்கள். மிஞ்சும் தழை நல்ல எரு.

நரைமுடிக்கு அவுரிப் பொடி மட்டும் போதுமா?

நீலச் சாயல்தான் வரும். முதலில் மருதாணி போட்டு அலசுங்கள், அப்புறம் அவுரி. மருதாணியைப்போல ராத்திரி முழுக்க ஊறவைக்கக் கூடாது. தண்ணீரில் குழைத்துக் கால்மணி நேரத்துக்குள் தடவிவிடுங்கள். நிறம் ஓரிரு நாளில் இன்னும் கறுக்கும். 'கறுப்பு மருதாணி' என்று விற்கும் பொட்டலத்தில் பிபிடி என்ற இரசாயனச் சாயப்பொருள் கலந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது பலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரும்.

ஒரு ஏக்கர் போடலாமா?

முதலில் வாங்குபவரைப் பிடியுங்கள். 1897-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு அவுரிச் சாகுபடி பெரிதும் சுருங்கிப்போனது. இன்று இயற்கைச் சாயத் துணிக்கும் தலைமுடிப் பொடிக்கும்தான் தேவை. பச்சை இலை தூரப் பயணம் தாங்காது. பக்கத்தில் சாயத்தொட்டி இருந்தால் தாராளமாகப் போடுங்கள். இல்லையென்றால் உலர்ந்த இலை எடுக்கும் வியாபாரியிடம் விலை பேசிவிட்டு விதையுங்கள்.