மொறிஸ் மைனரின் பிறேக்கை நானே மாற்றலாமா?

கேள்வி: என் தந்தையார் வைத்திருந்த 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 கார் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. பிறேக்கை இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கிறது. பிடிக்கும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. பிறேக் சூக்களை நானே மாற்ற விரும்புகிறேன். சில்லைக் கழற்றிப் பூட்டியதற்கு மேல் எனக்கு அனுபவம் இல்லை. துணியலாமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: துணியலாம். ஆனால் புதிய சூ வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னர் டிரம்களை, அதாவது சில்லோடு சுழலும், சூக்கள் உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் இரும்புக் கிண்ணங்களைக் கழற்றி உள்ளே பாருங்கள். இடப்பக்கம் இழுக்கும் வண்டியில் பழுது பெரும்பாலும் வலப்பக்கத்திலேயே இருக்கும். அங்கே சூவைத் தள்ளும் சிலிண்டரிலிருந்து பிறேக் ஒயில் கசிந்து சூ நனைந்து பிடிக்காமற்போக, இடப்பக்கம் மட்டும் தன் வேலையைச் செய்கிறது. இரண்டாம் மிதிப்பில் பெடல் உயர்வது, சூவுக்கும் டிரமுக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டதன் அறிகுறி. மிதித்தபடி வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழிறங்கினால், பெடலின் அழுத்தத்தை ஒயில் வழியே சில்லுகளுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டும். மைனரில் அது சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே ஒளிந்திருப்பதால், அந்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

அளவையும் கவனியுங்கள். 1962இல் 1098 சி.சி. இயந்திரம் வந்தபோதுதான் முன் டிரம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமானது. உங்கள் வண்டிக்கு நான்கு சில்லிலும் 7 அங்குலமே உரியது. எனினும், கைமாறிக் கைமாறி ஓடிய பழைய வண்டிகளில் எதன் முன்பாகம் எதில் பூட்டப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது; அளந்த பின்னரே வாங்குங்கள். ஒரு பக்கச் சூ மட்டும் நனைந்திருந்தாலும் அந்த அச்சின் இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நனைந்த சூவைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கசிந்த சிலிண்டரைச் சரிசெய்யாமல் புதிய சூ போடுவதும் வீண்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, உயர்த்திய பின் இரும்புத் தாங்கிகளின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை நீட்டக் கூடாது. தாங்கிக்குப் பதிலாகச் சீமெந்துக் கல்லையும் வைக்காதீர்கள், அது திடீரென நொறுங்கும். சூவுக்கும் டிரமுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர்களைத் தளர்த்தி, டிரமைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளையும் கழற்றி, மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் டிரம் வந்துவிடும். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய சூக்களில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். முகமூடி அணிந்து, நனைத்துத் துடையுங்கள்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெற்றோல் தடையிருந்த காலத்தில் இத்தகைய கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த ஊர் என்பதாலோ என்னவோ, எதைக் கழுவுவதற்கும் நம் கை மண்ணெண்ணெய்ப் போத்தலைத்தான் தேடும். பிறேக்கில் அது ஆகாது. மண்ணெண்ணெயோ பெற்றோலோ பட்டால் சிலிண்டரின் ரப்பர் ஊதிப் பழுதாகும். மெதைலேற்றட் ஸ்பிரிட் போதும்.

ஒரு சில்லை முழுமையாக முடித்துவிட்டே மற்றதைத் திறவுங்கள். ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்ற ஐயம் வந்தால் திறக்காத பக்கம் உங்களுக்கு மாதிரியாக இருக்கும். இரு பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை என்பதை மட்டும் மறவாதீர்கள். டிரம் கழன்றிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும்.

தொடக்கநிலையில் இருப்பவர் பெரும்பாலும் தவறுவது பூட்டுவதில் அன்று, சரிசெய்வதில்தான். மைனரின் முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்கள் உண்டு. முன்னோக்கி ஓடும்போது டிரமின் சுழற்சியே இரண்டு சூக்களையும் தன்னோடு இழுத்து அழுத்தும்படி அவை அமைந்துள்ளன. (பின்னோக்கி உருளும்போது இந்த உதவி கிடைக்காது, சரிவில் கவனம் தேவை.) ஆகவே முன்சில்லுக்கு அட்ஜஸ்டரும் இரண்டு, ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு எழுந்துவிடுபவர்களைக் கராஜ்களிலேயே கண்டிருக்கிறேன். டிரமிலுள்ள துளையை அட்ஜஸ்டருக்கு நேரே கொண்டுவந்து, சில்லு இறுகி நிற்கும்வரை திருப்புளியால் திருப்புங்கள். பின்பு பெடலை ஒருமுறை பலமாக மிதித்துச் சூவை நடுவே அமரவைத்து, சில்லு தடையின்றிச் சுழலும்வரை சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். இரண்டாவது அட்ஜஸ்டரையும் அவ்வாறே செய்யுங்கள். பின்சில்லுக்கு ஒன்றுதான், ஆனால் அங்கே சிலிண்டர், அது பூட்டப்பட்டிருக்கும் தகட்டில் இலகுவாக நகர்கிறதா என்று பாருங்கள், துருப்பிடித்து இறுகியிருந்தால் ஒரு சூ மட்டுமே வேலை செய்யும்.

குழாய் எதையாவது கழற்றியிருந்தால் டொட் 4 பிறேக் ஒயில் ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அந்த ஒயில் வண்டியின் வர்ணத்தைத் தின்றுவிடும். பெடல் கல்லைப் போல் நின்ற பிறகு, மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிட்டு, ஆளில்லாத ஒழுங்கையில் நடைவேகத்தில் முதலில் பாருங்கள். புதிய சூ டிரமோடு பழகச் சில நூறு கிலோமீற்றர் ஆகும். அதற்குள் பெடல் மீண்டும் சற்றுத் தாழும். அப்போது பதறாமல் ஆறு அட்ஜஸ்டர்களையும் இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.