மூக்கில் வைத்த சின்னக் குழாய் போதுமா?

கேள்வி: என் மகள் 29 வாரத்தில், 1,150 கிராம் எடையுடன் பிறந்தாள். இன்று நான்காவது நாள். மூக்கில் குட்டிக் குழாய் மாட்டி, அதோடு சேர்ந்த இன்னொரு குழாயைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டிருக்கிறார்கள். தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டே இருக்கிறது. “மூச்சுக்குத் திணறும் பிள்ளைக்கு வென்டிலேட்டர் வைக்காமல் இது என்ன வைத்தியம்?” என்று வீட்டில் கேட்கிறார்கள். வயிறும் உப்பியிருக்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பயம் புரிகிறது. ஆனால் அந்தக் குமிழிதான் இப்போது உங்கள் மகளுக்கு வைத்தியம். அதற்குப் பெயர் சிபேப் (CPAP): மூக்கு வழியாகத் தொடர்ந்து லேசான அழுத்தத்தில் காற்று கொடுப்பது.

நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அவற்றின் உட்புறத்தில் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான படலம் வேண்டும். 29 வாரத்தில் அது போதிய அளவு ஊறியிருக்காது. அதனால் மூச்சை விட்டதும் பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். புது பலூனை ஊதிப் பாருங்கள்: முதல் ஊதல்தான் கஷ்டம், உள்ளே கொஞ்சம் காற்று நின்றுவிட்டால் அடுத்தது சுலபம். குறைமாதக் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் அந்த முதல் ஊதல் மாதிரி. சிபேப் அந்தக் கொஞ்சம் காற்றை உள்ளேயே நிறுத்தி வைக்கிறது. மூச்சை இழுப்பது உங்கள் மகளேதான். குழாயின் முனை தண்ணீருக்குள் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் அழுத்தமும் 5 செ.மீ. தண்ணீர் அளவு. பெரும்பாலும் 5 முதல் 8 வரை வைப்போம்.

வென்டிலேட்டர் அப்படியில்லை. மூச்சுக்குழலுக்குள் குழாய் இறக்கி, காற்றை உள்ளே தள்ளுகிறது. ஒரு கிலோ குழந்தையின் ஒரு மூச்சு 4 முதல் 6 மி.லி.தான், ஒரு டீஸ்பூன் அளவு. அதற்கு மேல் கொஞ்சம் கூடினாலும் அந்த மெல்லிய திசு இழுபட்டு வீங்கும். இது நாள்கணக்கில் தொடர்ந்தால் மாதக்கணக்கில் ஆக்சிஜன் தேவைப்படும் நாள்பட்ட நுரையீரல் நோயாகலாம். 24 முதல் 27 வாரத்தில் பிறந்த 1,316 குழந்தைகளை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2010-இல் வெளியானது. அதில் பிறந்தவுடன் சிபேப்பில் தொடங்கிய குழந்தைகள், உடனே குழாய் இறக்கி சர்ஃபாக்டன்ட் கொடுக்கப்பட்டவர்களைவிட எதிலும் பின்தங்கவில்லை. வென்டிலேட்டரில் இருந்த நாட்களும் குறைவு. உங்கள் மகள் அவர்களைவிட முதிர்ந்தவள்.

அதற்காக வென்டிலேட்டர் கெட்டது என்று சொல்லவில்லை. மூச்சு அடிக்கடி நின்றாலோ, ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போனாலோ அதுதான் உயிரைக் காக்கும், அப்போது தயங்கக் கூடாது. அந்த நிலை வராமலிருக்கத்தான் மூச்சைத் தூண்டும் கேஃபீன் மருந்தும், தேவைப்பட்டால் மெல்லிய குழாய் வழியாகச் சர்ஃபாக்டன்டும் கொடுக்கிறோம்.

சரி, வயிறு. காற்றில் ஒரு பங்கு இரைப்பைக்கும் போகும். அதை வெளியேற்றத்தான் வாய் வழியாக ஒரு குழாய் இருக்கும். தொட்டால் மெத்தென்று இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. விறைத்து, பளபளத்து, நிறம் மாறினால், பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால் அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்லுங்கள்.

மூக்கையும் பாருங்கள். இரு துவாரங்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய சுவரில் குழாய் அழுந்தக் கூடாது, சின்ன இடைவெளி தெரிய வேண்டும். சிவந்திருந்தால் சொல்லுங்கள். குமிழி நின்றாலும் கூப்பிடுங்கள்: குழாய் நழுவியிருக்கலாம், வாய் திறந்து காற்று கசியலாம். நீங்களாகச் சரிசெய்ய வேண்டாம்.

அப்புறம், கேட்கத் தயங்காதீர்கள்: குழந்தை நிலையாக இருந்தால் சிபேப்போடு சேர்த்தே மார்போடு அணைத்துக்கொள்ளலாம். பல குழந்தைகளுக்கு அங்கே மூச்சு சீராவதை நானே பார்த்திருக்கிறேன். அதுவரை தலையில் ஒரு கை, பாதத்தில் ஒரு கை, தடவாமல் அப்படியே வைத்திருங்கள்.

எத்தனை நாள் என்று இப்போதே சொல்ல முடியாது, சில வாரங்கள்கூட ஆகலாம். சீக்கிரம் எடுக்கச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம். தினமும் மருத்துவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: “ஆக்சிஜன் எத்தனை சதவீதம் போகிறது?” 21 என்றால், அது நீங்களும் நானும் சுவாசிக்கிற அதே காற்று.