மருந்துக் கடைக்காரர்களுக்குப் பயிற்சியா? முதலில் இரண்டு நாள் கவுண்டர் பக்கம் நில்லுங்கள்

கேள்வி: ஐயா வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு வட்டாரத்தில் உதவித் தொழில்நுட்ப மேலாளராக இருக்கிறேன். எங்கள் பகுதியில் சுமார் 40 பூச்சிமருந்துக் கடைகள் உள்ளன. அவர்களுக்குப் பயிற்சி நடத்துவது என் பொறுப்பு. போன முறை சட்டம், பாதுகாப்பு, ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்று ஒரே நாளில் ஐந்து வகுப்பு வைத்தோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் பாதிப் பேரைக் காணவில்லை. இந்த முறை என்ன தலைப்பு வைத்தால் உட்காருவார்கள்?

பதில்: தம்பி, தலைப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். போன முறை வைத்த ஐந்தும் நல்ல தலைப்புதான், ஆனால் கடைக்காரருக்கு எது தெரியவில்லை என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா? நானும் ஆரம்பத்தில் பழைய பயிற்சிக் கோப்பில் இருந்த தலைப்புகளைத் தேதி மாற்றி நடத்தியவன்தான், அதனால் குறையாகச் சொல்லவில்லை.

நாலைந்து கடைகளைத் தேர்ந்தெடுங்கள். டவுனில் இரண்டு, கிராமத்தில் இரண்டு, கூட்டுறவுச் சங்கக் கடை ஒன்று. காலை எட்டரைக்குப் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்து, வருகிற விவசாயி என்ன கேட்கிறார், யார் பதில் சொல்கிறார், என்ன எடுத்துக் கொடுக்கிறார் என்று மூன்றை மட்டும் நோட்டில் எழுதுங்கள். ஒருவர் துண்டில் சுருட்டி இலையைக் கொண்டு வந்து "இதுக்கு என்ன அடிக்கலாம்" என்பார். ஒருவர் செல்போனில் மங்கலாக ஒரு படம் காட்டுவார். "டேங்குக்கு எத்தனை மூடி?", "முந்தாநாள் அடிச்சேன், கேக்கலையே", "ரெண்டையும் கலந்து அடிக்கலாமா?", "பக்கத்து வயக்காரர் வாங்கின அதே பாட்டில் குடுங்க". இரண்டு நாளில் அறுபது எழுபது கேள்வி சேர்ந்துவிடும், அதுதான் உங்கள் பாடத்திட்டத்தின் முதல் வரைவு.

யார் பதில் சொல்கிறார் என்ற இடத்தைக் கவனமாக நிரப்புங்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும், கவுண்டரில் நிற்பது அவர் மகனாகவோ வீட்டம்மாவாகவோ சம்பளத்துக்கு இருக்கிற பையனாகவோ இருக்கும். பயிற்சிக்கு வந்து கையெழுத்துப் போடுபவர் முதலாளி, மருந்தை எடுத்துக் கொடுப்பவர் அந்தப் பையன். அழைப்பிதழில் "கவுண்டரில் விற்பவரும் அவசியம் வரவும்" என்று ஒரு வரி சேருங்கள். இது ஒன்றைச் செய்தாலே போன முறையைவிடப் பலன் கூடும் என்பது என் கணிப்பு.

அப்புறம் 40 பேருக்கும் ஒரு பக்கக் கேள்வித்தாள் கொடுங்கள். பத்துப் பன்னிரண்டு திறன்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் "உங்கள் தொழிலுக்கு இது எவ்வளவு முக்கியம்", "உங்களுக்கு எவ்வளவு தெரியும்" என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். இது போரிச் என்பவர் 1980இல் சொன்ன முறை, கணக்கும் சுலபம். முக்கியத்துவத்திலிருந்து தெரிந்த அளவைக் கழித்து, வருவதை முக்கியத்துவத்தின் சராசரியால் பெருக்குங்கள். உதாரணத்துக்கு நோய் அடையாளம் காண்பதற்கு முக்கியத்துவம் 4.6, தெரிந்தது 2.9 என்றால் 1.7 × 4.6 = 7.82. சட்ட விதிகளுக்கு 4.8, 4.1 என்றால் 0.7 × 4.8 = 3.36. பெரிய எண் வந்த தலைப்புக்கு நேரம் கூட, சின்ன எண்ணுக்குக் குறைவு, அவ்வளவுதான்.

ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். இருபது வருடம் கடை நடத்துகிறவர் "எனக்குத் தெரியாது" என்று தாளில் எழுதிக் கொடுக்க மாட்டார். அதனால் கூடவே பத்து நிமிடத்தில் ஒரு சின்னச் சோதனை வையுங்கள், பெயர் எழுத வேண்டாம். மேசையில் ஐந்து இலை, ஐந்து காலிப் பாட்டில். குலைநோய், இலையுறைக் கருகல், துத்தநாகக் குறைபாடு, இலைச்சுருட்டுப் புழு, புகையான் (நெல் தூரில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி) தாக்கிய தூர். என்ன பிரச்சினை, எந்த மருந்து, ஏக்கருக்கு எவ்வளவு. துத்தநாகக் குறைபாட்டு இலைக்கு எத்தனை பேர் பூஞ்சாணக்கொல்லி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போட்டால் தீர வேண்டிய விஷயம்.

டெல்டாவில் எனக்குத் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஓட்டைகளைச் சொல்கிறேன், உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய ஓட்டை தெளிப்பான் டேங்க் கணக்கு. சிபாரிசு ஹெக்டேருக்கு இருக்கும், விவசாயி பேசுவது ஏக்கரும் 'மா' என்ற நில அளவும், கடைக்காரர் சொல்வது பாட்டில் மூடி. குளோரான்ட்ரானிலிபுரோல் 18.5 எஸ்.சி. என்ற பூச்சிமருந்து நெல் தண்டு துளைப்பானுக்கு ஹெக்டேருக்கு 150 மில்லி, ஏக்கருக்கு 60 மில்லி. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டரை டேங்க், அதாவது டேங்குக்குச் சுமார் 5 மில்லி. கடைக்காரர் "டேங்குக்கு 5" என்று சரியாகத்தான் சொல்கிறார். விவசாயியோ எட்டு டேங்கில் ஏக்கரை முடித்துவிடுகிறார். ஆக விழுந்தது 40 மில்லி, மூன்றில் ஒரு பங்கு குறைவு. நாலு நாள் கழித்து வந்து மருந்து கேட்கவில்லை என்கிறார், கடைக்காரர் வேறு ஒன்றை நீட்டுகிறார். "உங்களுக்கு ஏக்கருக்கு எத்தனை டேங்க் ஆகும்?" என்று கவுண்டரில் முதலில் கேட்கப் பழக்கிவிட்டால் போதும். வகுப்பில் கால்குலேட்டரைக் கையில் கொடுத்து இருபது கணக்குப் போட வையுங்கள், யாரும் தூங்க மாட்டார்கள்.

அடுத்தது, மருந்து எப்படிக் கொல்கிறது என்பது. புகையானுக்கு இமிடாகுளோபிரிட் கேட்கவில்லை என்று வந்தவருக்குத் தயோமீத்தாக்சாம் போகிறது. பாட்டில் வேறு, கம்பெனி வேறு, ஆனால் இரண்டும் பூச்சியை ஒரே விதமாகக் கொல்லும் 4ஏ குழு. புப்ரோஃபெசின் வாங்கியவர் மறுநாளே சண்டைக்கு வருகிறார், ஏனென்றால் அது குஞ்சு தோலுரிக்கும்போதுதான் கொல்லும், வளர்ந்த பூச்சியை உடனே வீழ்த்தாது, சில நாள் பொறுக்க வேண்டும் என்று விற்கும்போது யாரும் சொல்லவில்லை. இதைவிட மோசம், இலைச்சுருட்டுக்கு விலை மலிவு என்று சைபர்மெத்ரின் கொடுப்பது. புழு சாகும், கூடவே புகையானைத் தின்னும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் சாகும், இலையுறைக்குள் இருக்கிற புகையான் முட்டை தப்பிவிடும், சில வாரத்தில் வயல் வட்ட வட்டமாகக் கருகும். இந்தச் சங்கிலியை ஒரு வரைபடமாகப் போட்டு விளக்குங்கள். தூருக்கு, அதாவது ஒரு தண்டுக்கு, ஒரு புகையான் வந்தால் மருந்து, பல தூர் சேர்ந்த குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்ற கணக்கையும், தண்ணீரை வடித்துவிட்டுத் தூரில் படும்படி அடிப்பதையும் அதோடு சேர்த்துவிடலாம்.

களைக்கொல்லியில் ஒரே ஒரு கேள்வியைப் பழக்குங்கள்: "நடவா, நேரடி விதைப்பா?" நடவு வயலுக்கான சாதாரண பிரெட்டிலாகுளோர் சேற்றில் விதைத்த வயலுக்குப் போனால் முளைப்பே அடிவாங்கும், அங்கே பயிரைக் காக்கும் சேஃப்னர் சேர்த்ததுதான் வேண்டும். இந்தத் தப்புக்குப் பரிகாரம் கிடையாது, திரும்ப விதைக்க வேண்டியதுதான்.

விஷமுறிவுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் பெரும்பாலான கடைக்காரர்களுக்குத் தெரியும். தெரியாதது, எச்சில் ஒழுகி வியர்த்துக் கண்பாப்பா சுருங்கினால் அது ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தின் விஷமாக இருக்கலாம் என்பதும், 108ஐ அழைத்துவிட்டு அந்தப் பாட்டிலையும் லேபிளையும் கையோடு கொடுத்தனுப்ப வேண்டும் என்பதும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் விஷத்துக்கு மாற்று மருந்தே கிடையாது என்பதையும் விற்பவர் அறிந்திருக்க வேண்டும். இதற்கு ஓர் அரசு மருத்துவரைக் கூப்பிடுங்கள், நீங்களே எடுக்காதீர்கள்.

சட்டத்துக்கு முக்கால் மணி நேரம் போதும். 1968 சட்டம், 1971 விதிகள் என்று பிரிவு பிரிவாகப் படித்தால்தான் ஆள் எழுந்து போகிறார். அவர்கள் மனதில் இருப்பது சாம்பிள் எடுத்தால் என்ன ஆகும், பிசி (கம்பெனி கொடுக்கும் பிரின்சிபல் சர்டிபிகேட்) லைசென்ஸில் சேர்க்காத கம்பெனிச் சரக்கு இருந்தால் என்ன, காலாவதிச் சரக்கை எங்கே வைப்பது, தடை வந்த சரக்கை என்ன செய்வது. 2020 கடைசியோடு ஃபோரேட், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ், பாஸ்பாமிடான் போயின, 2023 ஆணையில் மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். தடைப் பட்டியலில் வந்தது. இந்தக் கேள்விகளுக்கு மட்டும் பூச்சிமருந்து ஆய்வாளரை வைத்துப் பதில் சொல்ல வையுங்கள்.

40 பேரையும் ஒரே கூட்டமாக உட்கார வைக்காதீர்கள். சிலர் ஹைதராபாத் மேனேஜ் நிறுவனம் இடுபொருள் விற்பவர்களுக்கு நடத்தும் 'தேசி' பட்டயப் படிப்பை, அதாவது வாரம் ஒரு நாள் வீதம் 48 வாரம், முடித்திருப்பார்கள். சிலர் 12 வாரச் சான்றிதழ் மட்டும். 'தேசி' முடித்தவர்களைப் பயிற்சியாளர்களாக மாற்றி, மேசைக்கு ஒருவராக நிறுத்துங்கள். அந்த 48 வாரப் பாடத்தைச் சுருக்கி ஒரு நாளில் ஊற்றும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

நாளும் முக்கியம். ஒரு முழு நாளுக்குப் பதில் மூன்று அரை நாள், கடை விடுமுறை நாளில். மே கடைசியில், மேட்டூர் திறப்பதற்கு முன், களைக்கொல்லியும் டேங்க் கணக்கும். செப்டம்பரில் சம்பா நடவின்போது இலைச்சுருட்டும் தண்டு துளைப்பானும். நவம்பரில் புகையானும் குலைநோயும், அதுவும் வயலுக்குள் இறங்கி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கடைக்காரர் விற்றுப் பிழைப்பவர், கம்பெனி ஸ்கீமும் டார்கெட்டும் அவர் தலைமேல் இருக்கும். "மருந்தைக் குறைத்து விற்கவும்" என்று மேடையில் பேசினால் தலையாட்டிவிட்டுப் போவார். தப்பான மருந்து கொடுத்தால் அந்த விவசாயி பழைய பாக்கியைக் கட்டாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்று பேசினால் நிமிர்ந்து உட்காருவார். இனக்கவர்ச்சிப் பொறி, டிரைக்கோடெர்மா என்ற உயிர்ப் பூஞ்சாணக்கொல்லி, துத்தநாக சல்பேட் எல்லாம் அவரே விற்கக்கூடிய சரக்குதான், அதையும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

முதல் வகுப்பு முடிந்து மூன்று வாரம் கழித்து அதே கடைகளில் மறுபடி அதே நோட்டோடு உட்காருங்கள். "ஏக்கருக்கு எத்தனை டேங்க்" என்ற கேள்வி எத்தனை கவுண்டரில் கேட்கிறது என்று எண்ணி வந்து எழுதுங்கள், நவம்பர் வகுப்பை அதை வைத்துத் திட்டமிடலாம். சாப்பாட்டை வகுப்பு முடிந்தபின் ஒன்றரைக்குப் போடுங்கள்.