ஷேர்டா, டெடிகேட்டடா? மொதல்ல ‘எஸ்டி’ எவ்ளோன்னு பாருங்க

கேள்வி: சார், என் சைட் ஷேர்டு சிபியு விபிஎஸ்ல (ஒரு பெரிய சர்வரை கூறு போட்டு வாடகைக்கு விடற மெஷின்) ஓடுது. 2 விசிபியு (அந்த மெஷினுக்கு குடுத்த சிபியு), 4 ஜிபி ராம். காலைல பறக்குது, சாயங்காலம் ஆச்சுன்னா திடீர் திடீர்னு இழுக்குது, இத்தனைக்கும் ஆள் வரத்து பெருசா கூடல. கம்பெனிக்காரங்க கிட்ட கேட்டா டெடிகேட்டட் பிளானுக்கு மாறுங்கங்கறாங்க. அதுலயும் அதே 2 விசிபியுதான் போட்டிருக்கு, அப்புறம் வேகம் மட்டும் எப்படி மாறும்?

பதில்: நம்பர் ஒண்ணுதாங்க, ஆனா அந்த நம்பருக்குப் பின்னாடி என்ன இருக்குங்கறதுலதான் வித்தியாசமே. ஷேர்டு பிளான்ல உங்க விசிபியுவுக்குன்னு தனியா ஒரு கோர் (சிபியுக்குள்ள நிஜமா வேலை செய்யற பகுதி) கிடையாது, அதே கோர்ல இன்னும் பல பேரோட மெஷினும் ஓடும், ஒரே சர்வர்ல பல மெஷினை ஓட்டற ஹைப்பர்வைசர்ங்கற சாஃப்ட்வேர் ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம் கொஞ்சமா நேரம் பிரிச்சுக் குடுக்கும். எல்லாரும் சும்மா இருக்கறப்ப உங்களுக்கு முழு கோரும் கெடைக்கும், அதான் காலைல பறக்குது. சாயங்காலம் எல்லாரும் ஒண்ணா வேலைய ஆரம்பிச்சா உங்க வேலை தயாரா இருந்தும் வரிசைல நிக்குது. டெடிகேட்டட்ல அந்த சிபியு உங்களுக்கு மட்டும்தான்.

இதை ஊகிக்க வேண்டியதே இல்ல, கண்ணாலயே பாத்துடலாம். மெதுவா இருக்கற நேரத்துல சர்வர்ல லாகின் பண்ணி ‘டாப்’ கமாண்ட் அடிங்க. மேல சிபியு வரில யுஎஸ், எஸ்ஒய், ஐடி, டபிள்யூஏன்னு வரிசையா நம்பர் வரும், கடைசில ‘எஸ்டி’ன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுதான் ஸ்டீல் டைம். உங்க மெஷின் ஓடறதுக்கு ரெடியா இருந்தும் ஹைப்பர்வைசர் அந்த கோர்ல வேற வேலைய ஓட்டிட்டிருந்த நேரம் அது. அது 0, 1ன்னு நின்னா பக்கத்து மெஷின் மேல பழி போடாதீங்க, கோளாறு உங்க அப்ளிகேஷன்லயோ டிஸ்க்லயோ இருக்கும். 20ன்னு (அதாவது 20 சதவீதம்) காட்டிச்சுன்னா சிபியுவ முழுசா திங்கற 10 செகண்ட் வேலை ஒண்ணு சுமாரா பன்னெண்டரை செகண்ட் எடுக்கும், நீங்க கோடை எவ்ளோ திருத்தினாலும் அந்த ரெண்டரை செகண்ட் திரும்பி வராது.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு, நிறைய பேர் இதை கவனிக்கறதில்ல. எஸ்டி ஏறினா எப்பவும் பக்கத்து மெஷின்தான் காரணம்னு சொல்ல முடியாது. சில பிளான்ல உங்க ஒதுக்கீடு தீந்துபோனாலும் அதே இடத்துலதான் காட்டும். அமேசான் கிளவுட்ல வாடகைக்கு கெடைக்கற டி3 மைக்ரோங்கற சின்ன மெஷினை எடுத்துக்குங்க, அதுல 2 விசிபியு இருக்கு, ஆனா மணிக்கு 12 கிரெடிட்தான் சேரும். ஒரு கிரெடிட்டுன்னா ஒரு விசிபியுவ ஒரு நிமிஷம் முழு வேகத்துல ஓட்டலாம். ரெண்டு விசிபியுவுக்கும் சேத்து ஒரு மணி நேரத்துல 120 நிமிஷம் இருக்கு, அதுல 12 நிமிஷம்தான் உங்களுது, அதாவது 10 சதவீதம். சேத்து வச்ச கிரெடிட் இருக்கற வரைக்கும் நல்லா ஓடும், தீந்துச்சுன்னா ஸ்டாண்டர்ட் மோட்ல அந்த பத்து சதவீதத்துக்கு இறங்கிடும், அன்லிமிடெட் மோட்ல வேகம் குறையாது, ஆனா பில்லு ஏறும். அதனால கம்பெனிக்காரங்க சொல்றாங்கன்னு உடனே மாறாம உங்க பிளான் இந்த மாதிரி கிரெடிட் வகையான்னு மொதல்ல கேட்டுக்குங்க.

கேள்வி: ரெண்டு வகையிலயும் ஒவ்வொண்ணு வாங்கி சிபியு வேகத்தை அளக்கற சிஸ்பெஞ்ச் டெஸ்ட் ஓட்டிப் பாத்தேன், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மார்க். அப்ப டெடிகேட்டட் தண்டச்செலவுதானே?

பதில்: அவசரப்படாதீங்க. சிஸ்பெஞ்ச் நாம எதுவும் மாத்தலைன்னா 10 செகண்ட்தான் ஓடும், அந்த 10 செகண்ட் பக்கத்துல யாரும் இல்லைன்னா ஷேர்டு மெஷின் ஜம்முனு மார்க் வாங்கிடும். நானும் இதே மாதிரி விடியக்காலைல ஒரே ஒரு தடவை டெஸ்ட் பண்ணிட்டு ஒரு தெரிஞ்சவரோட பில்லிங் சிஸ்டத்தை ஷேர்டுல ஏத்தி விட்டேன், மாசக் கடைசில அவங்க ஆளுங்க பில் போட முடியாம திண்டாடினப்பதான் செஞ்ச தப்பு புரிஞ்சுது, அந்த வருத்தம் இன்னும் இருக்கு. அதுக்கப்புறம் 5 நிமிஷத்துக்கு ஒருதடவை சின்னதா ஒரு டெஸ்ட் ஓடற மாதிரி கிரான்ல (குறிச்ச நேரத்துக்கு தானா வேலைய ஓட்டற வசதி) போட்டு ஒரு வாரம் விட்டு, மார்க்கையும் எஸ்டியையும் ஒரு ஃபைல்ல எழுத வச்சு பாக்காம நான் யாருக்கும் எதுவும் சொல்றதில்ல.

அந்த ஃபைல்ல சராசரிய மட்டும் பாக்காதீங்க. 100 ரிக்வெஸ்ட்ல 98 வந்து 50 மில்லிசெகண்ட்ல முடியுது, 2 மட்டும் 3 செகண்ட் எடுக்குதுன்னு வைங்க, சராசரி 109 மில்லிசெகண்ட்தான் வரும், பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்த ரெண்டு பேர் 3 செகண்ட் வெறும் ஸ்கிரீனை பாத்துட்டு உக்காந்திருந்தாங்க இல்லையா. டெடிகேட்டட்ல நீங்க காசு குடுக்கறது பெரும்பாலும் இதுக்குத்தான், உச்ச வேகம் அதே அளவுதான் இருக்கும், ஆனா மோசமான நிமிஷங்கள் குறையும். பேமென்ட், வாய்ஸ் கால், கேம் சர்வர் மாதிரி ஒரு செகண்ட் தடங்கல் கூட தாங்காத வேலைக்கு யோசிக்காம டெடிகேட்டட் எடுங்க. ராத்திரி பேக்கப், டெஸ்டிங் மெஷின், கொஞ்ச பேர் படிக்கற பிளாக் இதுக்கெல்லாம் ஷேர்டே தாராளம்.

கேள்வி: டெடிகேட்டடுக்கு மாறிட்டேன், எஸ்டி 0தான் காட்டுது, ஆனா டேட்டாபேஸ் இன்னும் ஸ்லோதான். ஏமாந்துட்டேனா?

பதில்: ஏமாறல, ஆனா உங்களுக்கு தனியா கெடைச்சது சிபியு மட்டும்தான். அதுவும் பல இடத்துல ஒரு விசிபியுங்கறது முழு கோர் இல்ல, ஹைப்பர்த்ரெட் (ஒரு கோரை ரெண்டா காட்டறதுல ஒரு பாதி) ஒண்ணுதான், 2 விசிபியு வாங்கினா ஒரு நிஜ கோர். எல்3 கேஷ் (சிபியுக்குள்ள இருக்கற வேகமான தற்காலிக மெமரி), மெமரி பேண்ட்விட்த் (ராமுக்கும் சிபியுவுக்கும் நடுவுல டேட்டா போற வேகம்), நெட்வொர்க் எல்லாம் பொதுவாதான் இருக்கும், டிஸ்க்கும் நெறைய இடத்துல அப்படித்தான். அதே டாப்ல ‘டபிள்யூஏ’ எவ்ளோன்னு பாருங்க, அது ஏறி நின்னா சிபியு சும்மா உக்காந்து டிஸ்க்குக்காக காத்திட்டிருக்குன்னு அர்த்தம், அதுக்கு ராமை கூட்டறதோ வேகமான டிஸ்க் பிளானோதான் வழி. டபிள்யூஏவும் கம்மியா இருந்தா சர்வரை விடுங்க, ஸ்லோ க்வெரி லாகை (டேட்டாபேஸ்ல மெதுவா ஓடற க்வெரிகளை குறிச்சு வைக்கற பதிவு) ஆன் பண்ணி ஒரு நாள் முழுசா ஓட விட்டு, அதுல அதிக நேரம் தின்ன அஞ்சு க்வெரியையும் அந்த டேபிள்ல என்னென்ன இண்டெக்ஸ் (தேடறதை வேகமாக்கற அட்டவணை) இருக்குங்கறதையும் எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல ஒண்ணொண்ணா பாத்துடலாம்.